உளவியலில் எந்தக் கிளை? மலையகத்திலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும். "டீச்சர், சைக்காலஜி படிக்க ஆசை. கிளினிக்கல்னு சொல்றாங்க, கவுன்சிலிங்னு சொல்றாங்க, எதை எடுக்கிறது?" ஹட்டனிலிருந்து கேட்கிறார்கள், பண்டாரவளையிலிருந்து கேட்கிறார்கள், வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் டிப்ளோமா செய்ய நினைக்கும் இளம் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆலோசனை வழிகாட்டலைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நான். அதனால் எனக்கென்று ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படித்து முடித்து மலையகத்துக்கே திரும்ப நினைக்கிறவர் கிளையின் பெயரையும் மதிப்பையும் பார்த்துத் தெரிவு செய்யக்கூடாது. நம் சனங்கள் கஷ்டம் வந்தால் முதலில் எங்கே போகிறார்கள் என்று பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மருந்து எழுதிக் கொடுக்கும் உளநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவபீடத்தில் படித்து டொக்டராகி, அப்புறம் உளநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். அதற்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவு வேண்டும். இங்கே நான் எழுதுவது உளவியல் பக்கத்தைப் பற்றி மட்டும். கலைப்பிரிவில் படித்த பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு.

## எதை வைத்து அளப்பது

முதலாவது காலம். மூன்று அல்லது நான்கு வருடப் பட்டம் முடித்த உடனே உளவியலாளர் ஆகிவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பட்டம் என்பது அத்திவாரம். நோயாளியைப் பார்க்க அதற்கு மேலே மேற்பார்வையோடு கூடிய பயிற்சி வேண்டும், அது கிளைக்குக் கிளை நீளும் குறையும்.

இரண்டாவது பணம். அரச பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் இல்லை, மகாபொல கிடைக்கலாம். தனியார் நிறுவனம் என்றால் இலட்சக் கணக்கில் போகும். ஆனால் வீட்டை அழுத்துவது பெரும்பாலும் கட்டணத்துக்கு வெளியே இருக்கிற செலவு: கொழும்பிலோ கண்டியிலோ போர்டிங், சாப்பாடு, லேப்டொப், எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பளமே இல்லாத பயிற்சி மாதங்கள். நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொடுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த வீடுகளிலிருந்து வருகிறோம். "இன்னும் ஒரு வருஷம்தான் அம்மா" என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது நமக்குத் தெரியும்.

மூன்றாவது மொழி. வாசிக்க வேண்டிய புத்தகங்களும் ஆய்வுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வேலை செய்யப் போவது தமிழில், அதுவும் நம் தோட்டத்துத் தமிழில். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நிற்க வேண்டும்.

நான்காவது வேலை இருக்கும் இடம். வைத்தியசாலையா, பிரதேச செயலகமா, பாடசாலையா, தொண்டு நிறுவனமா, கொழும்பில் கண்ணாடிக் கட்டிடமா?

ஐந்தாவது உங்கள் மனதின் மேல் விழும் சுமை. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. கடைசியாக, அந்தக் கிளை எந்தச் சிந்தனைப் பள்ளியிலிருந்து வந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். வரலாறு தெரிந்தால்தான் எதை நம்புவது, எதைக் கேள்வி கேட்பது என்று புரியும்.

## மருத்துவ உளவியல்

கிளினிக்கல் என்று எல்லோரும் கேட்பது இதைத்தான். வெள்ளைக் கோட்டு, வைத்தியசாலை, நோயைக் கண்டறிதல். மனச்சோர்வு, பதற்றம், உளப்பிளவு (ஸ்கிசோஃப்ரினியா), போதைக்கு அடிமையாதல், மூளைக் காயத்துக்குப் பிறகான மாற்றங்கள், இவற்றையெல்லாம் மதிப்பிட்டுச் சிகிச்சை தருவது இந்தக் கிளையின் வேலை.

இதன் தொடக்கக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879-இல் ஆய்வுகூடம் அமைத்ததை உளவியல் தனி அறிவியலாகப் பிறந்த வருடமாகச் சொல்வார்கள். அவரிடம் படித்த லைட்னர் விட்மர் அமெரிக்காவுக்குத் திரும்பி, 1896-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தார். அங்கே முதலில் வந்தது எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பள்ளிப் பையன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. விட்மர் சோதித்துப் பார்த்தபோது அவனுக்குப் பார்வையில் குறை இருப்பது தெரிந்தது, கண்ணாடி போட்டு, கூடவே பயிற்சியும் கொடுத்தார்கள். மருத்துவ உளவியலின் முதல் நோயாளி ஒரு வகுப்பறையிலிருந்துதான் வந்தான். இந்தக் கிளை வைத்தியசாலைக்குள் முழுமையாகப் போனது பிறகுதான், குறிப்பாக இரண்டாம் உலகப்போரிலிருந்து மனம் உடைந்து திரும்பிய வீரர்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது. 1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடியவர்கள் மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் இருக்க வேண்டும், சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். உலகம் முழுக்க அந்தப் பயிற்சி இவ்வளவு நீளமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு என்ன கணக்கு? பட்டம், அதற்கு மேல் முதுநிலைப் பயிற்சி, வைத்தியசாலையில் மேற்பார்வையோடு வேலை. உயர்தரம் முடித்த நாளிலிருந்து ஆறேழு வருடம் என்று வையுங்கள். பட்டத்துக்கு நமக்குக் கிட்டத்தில் பேராதனை இருக்கிறது. கலைப்பீடத்துக்குத் தெரிவானாலும் உளவியலைச் சிறப்புப் பாடமாகச் செய்ய முதல் வருடப் பெறுபேறு நன்றாக இருக்க வேண்டும், அதனால் உள்ளே போன உடனே தளர்ந்துவிடாதீர்கள். முதுநிலைக்கு ஆங்கிலமும் கொஞ்சம் புள்ளிவிபரவியலும் இல்லாமல் முடியாது. கணக்கை வெறுத்து கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

மறைந்திருக்கிற செலவு என்னவென்றால், பயிற்சி முடித்த பிறகு வேலை பெரிய நகரங்களில்தான் குவிந்திருக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் உளைச்சல் என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவார், அங்கே ஒரு வலி மாத்திரை கிடைக்கும், அதோடு திரும்பிவிடுவார். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு உளநலக் கிளினிக்குக்குப் போகிறவர் மிகக் குறைவு, போனால் ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய வேலைக் கணக்கும் சம்பளமும், போய்விடும். நீங்கள் நுவரெலியாவில் அறை போட்டு உட்கார்ந்தாலும் அவர் உங்களிடம் வந்து சேர்வதற்கு நடுவே நிறையப் படிகள் இருக்கின்றன.

ஆனால் ஒன்று. தமிழில் பேசி, கடுமையான நோயை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் மலைநாட்டு வைத்தியசாலைகளுக்கு அவசியம் தேவை. உளப்பிளவு வந்தவர் கேட்கும் குரல்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் வழியாக விசாரிப்பது யாருக்கும் நல்லதல்ல. உங்களுக்கு அரச பல்கலைக்கழக இடம் கிடைத்து, வீடு ஆறேழு வருடம் தாங்கும் என்றால், ஆய்வு வாசிப்பதில் உண்மையிலேயே விருப்பம் இருந்தால், இதை எடுங்கள், தயங்க வேண்டாம்.

## உளவளத்துணை

கவுன்சிலிங் என்று கேட்பது இதைத்தான். இது வேறு ஊற்றிலிருந்து வந்தது. பொஸ்டன் நகரில் வேலை தேடி அலைந்த இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று வழிகாட்டப் புறப்பட்ட பிராங்க் பார்சன்ஸின் நூல் 1909-இல் வந்தது, வழிகாட்டல் அங்கிருந்து தொடங்குகிறது. அதை மனதின் பக்கம் திருப்பியவர்களில் முதன்மையானவர் கார்ல் ரோஜர்ஸ். 1940-களிலிருந்து அவர் எழுதியதன் சாரம் எளிமையானது: வந்தவர் நோயாளி அல்ல, தன் வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான். கேட்பவர் உண்மையாக இருந்து, நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொண்டு, அவர் இடத்தில் நின்று புரிந்துகொண்டால் மாற்றம் அவருக்குள்ளிருந்தே வரும். மனிதநேய உளவியல் என்று சொல்வது இந்தப் பள்ளியைத்தான்.

காலமும் பணமும் இங்கே குறைவு. ஒன்றிரண்டு வருட டிப்ளோமாவில் தொடங்கலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அரச பக்கத்தில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற இடங்கள் உளவளத்துணை டிப்ளோமாவும் சமூகப்பணிப் பட்டமும் நடத்துகின்றன. வேலையும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், உளசமூக உதவியாளர் போன்ற பதவிகள் உண்டு. தமிழில் வேலை செய்பவருக்கு நம் பக்கம் தேவை எப்போதும் இருக்கிறது.

நீண்ட பயிற்சி இல்லாதவரால் உண்மையில் பயன் உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு, அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் சுகாதார நிலைய முற்றத்தில் ஒரு வாங்கு போட்டு, அதில் அந்த ஊர்ப் பாட்டிமார் உட்கார்ந்து, வருகிறவரோடு ஒரு பிரச்சினையை எடுத்துப் படிப்படியாகத் தீர்க்கும் முறையைச் செய்தார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான பராமரிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட அந்த வாங்கில் உட்கார்ந்தவர்களுக்கு நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. பாகிஸ்தானின் கிராமங்களில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண்கள், பிரசவத்தை ஒட்டி மனச்சோர்வில் இருந்த தாய்மாருக்கு உதவியதை 2008-இல் வந்த ஆய்வு காட்டியது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) வேலை செய்யும் அக்காமாரை, தோட்ட நலன்புரி உத்தியோகத்தரை நினைத்துப் பாருங்கள். இங்கேயும் அது நடக்கக்கூடியதுதான்.

இனி இதன் மறைந்த செலவு. முதலாவது, அவசர டிப்ளோமாக்கள். சில மாதத்தில் சான்றிதழ், பட்டமளிப்பு அங்கி, படம், எல்லாம் கிடைக்கும், ஆனால் மேற்பார்வையோடு ஒரு ஆளைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி வெளியே வந்து, தற்கொலை எண்ணத்தோடு வந்த ஒருவருக்கு முன்னால் தனியாக உட்கார்வது இருவருக்கும் ஆபத்து. எப்போது உளநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எப்போது கையில் கொடுக்க வேண்டும் என்று கற்றுத் தராத வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, இரகசியம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்களில் இருக்கிற அறை நம்மிடம் இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். பாடசாலையில் எனக்குக் கிடைத்த இடம் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையின் ஒரு மூலை. பந்து எடுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு மாணவி பேசத் தொடங்கி, கதவு திறந்த சத்தத்தில் வாயை மூடிக்கொண்டாள் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், அவளிடம் ஒரு பயிற்சிக் கொப்பியை விரித்து வைத்து ஏதோ பாடம் சொல்லிக் கொடுப்பது போல இருக்க வேண்டியிருக்கும். அவளுடைய சித்தி உங்களுக்குத் தெரிந்தவர், அவள் அப்பாவை நீங்கள் கோயிலில் பார்ப்பீர்கள், திருவிழாவில் அவர் உங்களுக்கே சாப்பாடு பரிமாறுவார். கேட்டதை மனதில் பூட்டி வைத்துக்கொண்டு அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட உங்களால் முடியுமா? முடியும் என்றால் இந்தக் கிளை உங்களுக்குப் பொருந்தும். முடியாது என்றால் உங்கள் சொந்தத் தோட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வேலை தேடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

## கல்வி உளவியல்

எனக்குக் கேட்டால் மலையகத்துக்கு இதுதான் மிக அவசரமாகத் தேவை, ஆனால் கேட்கிறவர்களில் மிகச் சிலரே இதை நினைக்கிறார்கள்.

பாரிஸில் கட்டாயக் கல்வி வந்த பிறகு எந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக அல்பிரட் பினே, சைமன் என்பவரோடு சேர்ந்து 1905-இல் ஒரு சோதனையை உருவாக்கினார். அதன் நோக்கம் உதவி தேவைப்படுகிற பிள்ளையைக் கண்டுபிடிப்பது. அறிவு பிறவியிலேயே நிலைத்துப்போன ஒன்று என்ற கருத்தை பினே எதிர்த்தார், பயிற்சியால் வளரும் என்றே நம்பினார். அதே சோதனை அமெரிக்காவுக்குப் போனதும் ஆள் பிரிக்கும் கருவியாக மாறியது. கப்பலில் வந்து இறங்கிய, ஆங்கிலம் தெரியாத ஏழைக் குடியேறிகளை அதைக் கொண்டு அளந்து, மந்த புத்தி உள்ளவர்கள் என்று முத்திரை குத்தினார்கள்.

கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்த வரலாறு நமக்கு நெருக்கமானது. வேறொரு மொழியில், வேறொரு வீட்டுச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளை வைத்து உருவாக்கிய சோதனையைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படியே கொடுத்துவிட்டு, வந்த எண்ணை அவன் நெற்றியில் ஒட்டுவது பெரிய அநியாயம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தவறிய பிள்ளையை அதற்குப் பிறகு வீடும் பாடசாலையும் எப்படிப் பார்க்கின்றன என்பதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, எத்தனை பேருக்கு எழுத்துகள் மாறித் தெரியும் வாசிப்புச் சிரமம் இருந்தது, எத்தனை பேர் காலையில் வெறும் வயிற்றோடு வந்தார்கள் என்பதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பாடசாலைக் கொத்துக்கும் வேண்டும். விட்மர் செய்தது இதைத்தானே.

வளர்ச்சி உளவியலும் இதற்குள் வந்துவிடுகிறது. தாய் மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகள் விஷயத்தில் ஜோன் போல்பியின் பற்றுக் கோட்பாட்டை (பிள்ளை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பைப் பற்றியது) அரைகுறையாகக் கேட்டுவிட்டு அந்தத் தாயைக் குற்றம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்பாட்டைக் களத்தில் சோதித்த மேரி ஐன்ஸ்வேர்த் தன் முதல் பெரிய அவதானிப்பை உகண்டாவில், கிராமத்துத் தாய்மாரிடம் செய்தார். பிள்ளைக்கு வேண்டியது மாறாமல் கூட இருந்து, அழுதால் என்னவென்று பார்க்கும் ஆள். அம்மாயியோ சித்தியோ அப்படி இருந்தால் பிள்ளை நன்றாக வளரும். ஆள் மாறி மாறிக் கைமாறும்போதுதான் கவனிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்த ஒரு ஆசிரியர் ஒரு குடும்பத்தையே காப்பாற்றுவார்.

பாதை என்று பார்த்தால், கல்வியியற் கல்லூரி வழியாக ஆசிரியராகிவிட்டு (பத்தனை ஸ்ரீபாத நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது), நிரந்தரச் சம்பளத்தோடு ஆலோசனை வழிகாட்டல், விசேட கல்வி, கல்வி உளவியல் என்று படிப்படியாகப் போகலாம். நிரந்தரச் சம்பளத்திலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே படிக்கக்கூடிய ஒரே பாதை ஏறக்குறைய இதுதான். மறைந்த செலவு நேரம். உங்களை முழுநேர ஆலோசகராக விடமாட்டார்கள், வரலாறும் தமிழும் கற்பித்துவிட்டு மிஞ்சிய பாடவேளையில்தான் பிள்ளையோடு உட்கார முடியும். அதிபருக்கு இதன் அருமை தெரியாவிட்டால் அந்த நேரமும் போகும்.

## சமுதாய உளவியலும் உளசமூகப் பணியும்

ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துச் சிகிச்சை கொடுத்தால் வரிசை குறையவே குறையாது, வரிசை ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1965-இல் அமெரிக்காவின் ஸ்வாம்ஸ்கொட் நகரில் கூடியவர்களிடமிருந்து சமுதாய உளவியல் தனிக் கிளையாக வந்தது. எல் சல்வடோரில் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ என்ற பாதிரியார் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். ஒடுக்கப்பட்ட மக்களின் மனத்துயரை அவர்கள் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்று எழுதினார். 1989 நவம்பரில் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1948-இல் குடியுரிமை பறிபோய், 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அவர் எழுதியது தூரத்து விஷயமாகத் தெரியாது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. உயிர் தப்பியவர்களுக்குத் துக்கத்தில் கூட இருக்க ஆள் வேண்டும், அது உண்மை. ஆனால் மழை பெய்தால் தூக்கம் வராத ஒருவருக்கு முதல் மருந்து சரியாத நிலத்தில் ஒரு வீடு. அதைக் கேட்டு நிற்பதும் இந்தக் கிளையில் வேலையாகத்தான் எண்ணப்படுகிறது.

இலங்கையே இதற்கு இன்னொரு சான்று தருகிறது. 1995-இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை வீதம் அடுத்த பத்து வருடத்தில் ஏறக்குறையப் பாதியானது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது அதில் பெரிய பங்கு வகித்தது. ஒரு கொள்கை முடிவு எத்தனை ஆலோசனை அறைகளுக்குச் சமம் என்று பாருங்கள்.

இதன் சிக்கல் சம்பளம். வேலை பெரும்பாலும் தொண்டு நிறுவனத் திட்டங்களில் இருக்கும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், நீங்கள் நம்பிக்கை ஊட்டிய சனங்கள் "மிஸ் திரும்ப வருவாங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடம் அனுமதி வேண்டும், தொழிற்சங்கத் தலைவர்மாரோடு பழகத் தெரிய வேண்டும். கூட்டம் நடத்தவும் அறிக்கை எழுதவும் பிடிக்கிற, ஒரே இடத்தில் உட்காரப் பிடிக்காத ஆளுக்கு இது சரியான இடம். வீட்டில் வேறு ஒரு நிரந்தரச் சம்பளம் இருந்தால் இன்னும் நல்லது.

## நிறுவன உளவியல்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் 1913-இல் தொழில் திறன் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலும், சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த ஆய்வுகளும் இதன் தொடக்கம். ஆள் சேர்ப்பு, பயிற்சி, வேலை அழுத்தம் இவைதான் பொருள். சம்பளம் கிளைகளுக்குள் இதில்தான் நன்றாக இருக்கும், ஆனால் வேலை கொழும்பில், ஆங்கிலத்தில். வீட்டுக் கடன் அவசரமாக அடைக்க வேண்டியிருக்கிறது என்றால் இதை எடுப்பதில் தப்பில்லை. தோட்டக் கம்பனிகளின் மனிதவளப் பிரிவுக்கு நம் ஆள் போக வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

## எந்தச் சிந்தனைப் பள்ளியைப் பிடிப்பது

எந்தக் கிளைக்குப் போனாலும் இது வரும். ஒரு ஆசிரியர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் ரோஜர்ஸைத் தவிர யாரையும் ஏற்கமாட்டார். ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய ஒரு அக்கா. உடம்பு தேறிவிட்டது. ஆனால் அந்த நம்பர் மலைப் பக்கம் போனாலே கை நடுங்குகிறது, ஒரு ஈயின் சத்தம் கேட்டாலும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். பேர் குறைகிறது, வீட்டில் சண்டை.

உளப்பகுப்பாய்வு இந்தப் பயத்துக்குப் பின்னால் வேறு எந்தப் பழைய இழப்பு நிற்கிறது என்று தேடும். பிராய்டின் கனவு நூல் 1900 என்ற ஆண்டைத் தாங்கி வந்தது, 1922-இலேயே கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைத்துவிட்டார், நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. சில ஆட்களுக்கு அந்தத் தேடல் தேவைப்படும், ஆனால் வாரத்துக்குப் பல தடவை வந்து வருடக்கணக்கில் பேச நேரம் வேண்டும். இந்த அக்காவிடம் அது இல்லை.

நடத்தைவாதம் மனதுக்குள் இருப்பதை விடு, நடத்தையைப் பார் என்று சொல்லும். ஜோன் வொட்சன் 1913-இல் கொடி தூக்கினார். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் முயலுக்குப் பயந்த ஒரு குழந்தைக்கு, அவன் விருப்பமாகச் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்து பயத்தைத் தெளிய வைத்தார். அதே வழியில் அக்கா முதல் நாள் ரோட்டிலிருந்து மலையைப் பார்க்கலாம், அப்புறம் தோழி ஒருத்தியோடு ஓரத்து நிரையில் கொஞ்ச நேரம் நிற்கலாம், பிறகு உள்ளே. வேலை செய்யும், விரைவாகவும் செய்யும்.

அறிகை வழி, அதாவது எண்ணங்களைச் சோதிக்கும் வழி, 1960-களில் ஆரன் பெக்கிடமிருந்து வந்தது. அவர் உளப்பகுப்பாய்வில் பயின்று வெளியே வந்தவர். "இனிமே மலைக்குப் போனா செத்துருவேன்" என்ற எண்ணத்தை எடுத்து அது எவ்வளவு உண்மை என்று அக்காவோடு சேர்ந்து சோதிக்கும் முறை இது. இன்றைக்கு ஆய்வு ஆதாரம் அதிகம் இருப்பது நடத்தையும் அறிகையும் சேர்ந்த சிகிச்சைக்குத்தான். ஆனால் இங்கே கவனம் வேண்டும். குளவிக் கூடு உண்மையில் அந்த மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அவருடைய எண்ணம் பிழையான எண்ணம் அல்ல. கூட்டை அகற்றச் சொல்லி நிர்வாகத்திடம் பேச வேண்டியதை விட்டுவிட்டு அவர் எண்ணத்தைத் திருத்தப் போவது சிகிச்சை ஆகாது. ரோஜர்ஸின் வழி எங்கே உதவும் என்றால், முதல் அரை மணித்தியாலத்தில். யாரும் குறுக்கிடாமல் அவர் அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற எதுவும்.

என் முடிவு இது: கேட்கும் முறையை ரோஜர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள், செய்யும் முறையை நடத்தை அறிகைச் சிகிச்சையில் கற்றுக்கொள்ளுங்கள், காரணம் தேடும்போது சமுதாய உளவியலை மறக்காதீர்கள். ஒரே பள்ளியை மட்டும் கற்றுத் தரும் பாடநெறி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இன்னொன்று, உளவியலின் பல முடிவுகள் மேற்கத்திய, பணமும் படிப்பும் உள்ள சிறு கூட்டத்தைச் சோதித்து வந்தவை என்று ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2010-இல் எழுதினார்கள். எதை வாசித்தாலும் அது லயத்தில் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கிற பழக்கம் முதல் வருடத்திலேயே வர வேண்டும்.

## பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

தனியார் நிறுவனத்துக்குப் போகிறவர்கள் இதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இந்தத் தகைமையோடு அரச வைத்தியசாலையிலோ பிரதேச செயலகத்திலோ விண்ணப்பிக்க முடியுமா, ஆட்சேர்ப்பு வர்த்தமானி ஏதாவது ஒன்றில் இது ஏற்கப்பட்டதைக் காட்ட முடியுமா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா? மேற்பார்வையோடு எத்தனை மணித்தியாலம் ஆட்களைப் பார்க்க வைப்பீர்கள், மேற்பார்வையாளர் யார், அவருக்குத் தமிழ் தெரியுமா? பயிற்சி இடத்தை நீங்கள் தேடித் தருவீர்களா, நானே தேட வேண்டுமா? முழுக் கட்டணத்தோடு பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும்? பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து கலைப்பீடம் கைவிட்டுப் போனவர்கள் இரண்டாம் தடவை எழுதுவதா, டிப்ளோமாவுக்குப் போவதா என்று கேட்கிறார்கள். வீடு ஒரு வருடம் தாங்கும் என்றால் எழுதுங்கள், கட்டணமில்லாத நான்கு வருடத்துக்காக ஒரு வருடம் காத்திருப்பது நட்டமில்லை. தாங்காது என்றால் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தையும் சமூகப்பணிப் பட்ட விண்ணப்பத்தையும் கையோடு போட்டு வையுங்கள், இரண்டுக்கும் வர்த்தமானி அறிவித்தல் வரும், முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள்.